முள் ஏறியதை நான் பார்த்தேன்

ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார், மாப்பிள்ளைக்கு மில்லில் என்ன உத்தியோகம் என்று கேட்டார். சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் விரலை அப்படியே நிறுத்தி, அதற்கு ஓர் ஆளா என்றார். பிறகு பெண் கொடுத்துவிட்டார், அது வேறு விஷயம். ஆனால் அந்தக் கேள்வியை அவர் மகள் பிடித்துக்கொண்டாள். கதிர்காமத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் நான் சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து தினமும் ஒரே விசாரணைதான்: இன்றைக்கு முள் ஒழுங்காக இருந்ததா, அடம் பிடித்ததா? ஒழுங்காக இருந்தது என்பேன். ஒரு நாளாவது அது எங்கேயாவது ஓடிப்போகக் கூடாதா, நீங்களும் சொல்ல ஒரு கதையோடு வரக் கூடாதா என்பாள்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் விளங்காது.

எங்கள் மில்லில் தறிகளை ஓட்டியது ஒரு பெரிய நீராவி இன்ஜின். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. இன்ஜினில் உழைத்து முடித்த ஆவியை வீணாக வெளியே விடாமல், ஒரு பருத்த குழாய் வழியாக முற்றத்துக்கு மேலே கடத்தி, எதிரிலிருந்த சாயக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஐந்து சாயத்தொட்டிகள் அந்த ஆவியில்தான் கொதித்தன. சாயக்கூடம் வாங்கிக்கொண்டே இருக்கும்வரை சிக்கல் இல்லை. துணியை மேலே தூக்குவதற்காக அவர்கள் ஒரு தொட்டியின் வால்வை மூடினால், போக இடமில்லாத ஆவி குழாயிலேயே நின்று, வந்த வழியே இன்ஜினைத் திருப்பித் தள்ளும். பஸ்ஸில் முன்னால் நிற்பவர்கள் நகராவிட்டால் படியில் தொங்குகிறவன் படும் பாடுதான் இன்ஜின் படும் பாடு. இதற்கு முதலாளிகளின் புத்தகத்தில் பிரெஞ்சில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. நாங்கள் முட்டு என்போம். முட்டு ஏறினால் இன்ஜின் மூச்சு வாங்கும், தறிகள் தளரும், நூல் அறுகும். இன்னும் ஏறினால் குழாயின் மூட்டுகள் தாங்காது.

முட்டு எவ்வளவு என்று காட்ட, இன்ஜின் கூடத்துச் சுவரில் ஒரு பித்தளைக் கருவி இருந்தது. கடிகாரம் மாதிரி வட்டம், ஆனால் ஒற்றை முள். அதை மானோ என்போம். அதன் கீழே ஓர் இரும்புச் சக்கரம். சக்கரத்தைத் திருப்பினால் கூரைக்கு மேலே வானக்குழாய் திறந்து, மிஞ்சிய ஆவி ஆகாயத்துக்குப் போய்விடும். முள் அரைக்கும் முக்காலுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒன்று என்ற கோட்டைத் தாண்டக் கூடாது. சக்கரத்தை அதிகம் திறந்தால் சாயக்கூடத்துக்கு ஆவி போதாமல் தொட்டிகள் ஆறி, துணியில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். குறைவாகத் திறந்தால் இன்ஜின்காரர் என் வம்சத்தையே இழுத்துப் பேசுவார். இரண்டு பக்கமும் திட்டு வாங்காமல் எட்டு மணி நேரம் நிற்பது சாமானிய காரியம் இல்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

முட்டு ஏறினால் தானாகத் திறந்துகொள்ளும் வால்வு ஒன்றும் இருந்தது. உப்புப் பூத்து இறுகிப்போயிருந்தது. அதற்கு மாற்று பிரான்சிலிருந்து வர வேண்டும். ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகு, அது எந்தக் கப்பலில், எந்தச் சுங்கத்தில், யாருடைய கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. அது வந்து சேரும்வரை அந்த வால்வு நான்தான்.

சாயக்கூடத்தில் வால்வுகளைக் கவனித்துக்கொண்டவர் வம்பாகீரப்பாளையத்துக்காரர். கடலுக்குப் போகும் குடும்பம். படகு உடைந்த ஒரு வருஷம் மில்லுக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணா என்பேன், அவர் தம்பி என்பார். நகக்கண்ணில் எப்போதும் அன்றைய சாயம் இருக்கும். வால்வை மூடுவதற்கு முன்னால் அவர் ஒரு கம்பியை இழுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கம்பி குழாயை ஒட்டியே முற்றத்தைக் கடந்து வந்து, என் தலைக்கு மேலே தொங்கிய மணியை அடிக்கும். ஒரு தொட்டியை மூடப்போகிறார் என்றால் ஓர் அடி, இரண்டு என்றால் இரண்டு. மணி கேட்டதும் தொட்டிக்குக் கால் சுற்று வீதம் நான் சக்கரத்தைத் திறப்பேன். முள் அசையவே அசையாது. அசைந்த பிறகு திறக்க யாராலும் முடியும். அசைவதற்கு முன்னால் திறப்பதுதான் வேலை, அதற்கு அந்த மணி வேண்டும்.

மூன்று வருஷம் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டோம். நேரில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்பதோடு சரி. ஆனால் அவர் மணி அடிக்கும் விதத்தை வைத்தே, காலையில் வீட்டில் சண்டையா, சமாதானமா என்று சொல்லிவிடுவேன். மானோவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். முற்றத்துக்கு அப்பால் அவருடைய ஜன்னல் தெரியும். திறந்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். அவரும் இடது கையைத் தூக்குவார், வலது கை வால்வில் இருக்கும்.

ஐம்பத்தெட்டில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. விஷக் காய்ச்சல் என்றார்கள். நான் வேலைக்கு மாற்று ஆள் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். டாக்டர் ஒரு தெர்மாமீட்டரை என்னிடம் கொடுத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள் என்றார். பார்ப்பதுதானே என் தொழில். நன்றாகவே எழுதினேன். பாதரசம் ஏறியது என்று எழுதினேன், இன்னும் ஏறியது என்று எழுதினேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன், மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன், கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். அது இறங்கவில்லை. திருப்புவதற்கு அங்கே சக்கரம் ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் அவள் கண்ணைத் திறந்து, முள் ஏறுகிறதா என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டாளா, நினைவு தப்பிக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இல்லை, இறங்குகிறது என்றேன். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

நான் அழவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அழுதுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அழுதுவிட்டால் பாரம் இறங்கும் என்று ஆளாளுக்குத் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தை யாராவது கிள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கிள்ளுவது தெரிந்தது, வலி இல்லை. என்னைச் சுற்றி நடந்தவை எல்லாம் பக்கத்து வீட்டில் நடந்த மாதிரி இருந்தன. பால் தெளித்தார்கள். யாரோ எனக்குச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். சாப்பிடுகிறானே என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

நாலாம் நாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் வேலைக்குப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மாமியார் வாசலில் வழிமறித்து, ஊர் என்ன சொல்லும் என்றாள். மில்லில் இன்ஜின் சத்தம் பெரிது, ஊர் சொல்வது கேட்காது என்றேன். மகளைப் பறிகொடுத்து நாலு நாள் ஆனவளிடம் பேசுகிற பேச்சா அது? அப்போது அது உறைக்கவில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மில்லில் என்னைக் கண்டதும் பாய்லர்காரர் பீடியைப் பின்னால் மறைத்தார். மூன்று வருஷமாக என்னை டேய் என்று கூப்பிட்ட இன்ஜின்காரர், வாங்க என்றார். மாற்று ஆளை அனுப்பிவிட்டு மானோவுக்கு எதிரே போய் நின்றேன். முள் அரைக்கும் முக்காலுக்கும் நடுவே நின்றது. அந்த நாலு நாளில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததாக நான் பார்த்த ஒரே பொருள் அதுதான். ஜன்னலுக்கு அப்பால் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு நிற்பது தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன். அவர் தூக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் மனதில் என்ன ஓடியது என்பது விசாரணையில்தான் எனக்குத் தெரிந்தது. வரிசை குழம்பாமல் இருக்க இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு விழுந்த வீட்டுக்காரர் காதுபட, காரியம் முடியும்வரை யாரும் சத்தம் எழுப்பக் கூடாது. படகு தள்ளுகிறவர்கள் அந்த வீட்டைத் தாண்டும்வரை ஏலேலோ சொல்ல மாட்டார்கள். மீன்கூடையோடு போகிறவள் கூவ மாட்டாள். அந்த வீட்டுக் கதவைக்கூட யாரும் தட்டாமல், உள்ளே இருப்பவர் தானாக வெளியே வரும்வரை நின்று காத்திருப்பார்கள். துக்கத்தில் இருப்பவனை அதிரவைப்பது பாவம் என்பது அவர்களுக்குள் பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

மணியோ என் தலைக்கு நேர் மேலே ஒரு முழ உயரத்தில் தொங்கியது. பன்னிரண்டு நாளாக மாற்று ஆளுக்கு முறைப்படி அடித்துக்கொண்டிருந்தவருக்கு, அன்றைக்கு என்னைப் பார்த்ததும் கை வரவில்லை. மெதுவாக ஒவ்வொரு வால்வாக மூடினால் முள்ளும் மெதுவாகத்தான் ஏறும், முள்ளைப் பார்ப்பதுதானே அவன் வேலை, பார்த்துத் திறந்துவிடுவான் என்று கணக்குப் போட்டார். என்னை நம்பித்தான் அப்படிச் செய்தார்.

காலை பத்து மணி இருக்கும். அன்று கறுப்புச் சாயம். ஐந்தில் நாலு தொட்டிகளில் ஒரே நேரத்தில் ஏற்றிய துணி என்பதால் நாலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்க வேண்டியிருந்தது.

முள் முக்காலைத் தாண்டியது. பார்த்தேன். ஒன்றைத் தொட்டது. அதையும் பார்த்தேன். என் வலது கை சக்கரத்தின்மேல் இருந்தது. இரும்பின் சூடு உள்ளங்கையில் தெரிந்தது. திருப்ப வேண்டும் என்பதும் தெரிந்தது. நான் மறந்துவிடவில்லை, எனக்கு மயக்கமும் வரவில்லை. அப்படி ஏதாவது வந்திருந்தால் பிற்பாடு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். ஒன்பது நாள் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவன், இதையும் அதேபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறுகிறது என்று நினைத்தேன். எழுதி வைக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஒன்றேகால். ஒன்றரை. இன்ஜின் கனத்து இழுத்தது. அதன் மறுபக்கத்திலிருந்து இன்ஜின்காரர் ஏதோ கத்தினார்.

குழாய் சாயக்கூடத்துச் சுவருக்குள் நுழையும் இடத்தில் மூட்டு வெடித்தது. அந்தச் சத்தத்தில்தான் என் கை அசைந்தது. சக்கரத்தை முழுக்கத் திறந்தேன், வானக்குழாய் அலறியது. அதற்குள் சாயக்கூடம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அண்ணன் வெளியே ஓடாமல் அந்த ஆவிக்குள்ளேயே புகுந்து, தடவித் தடவி, மூடிய வால்வுகளை மறுபடி திறந்திருக்கிறார். அவர் திறந்ததால் முட்டு சீக்கிரம் இறங்கியது. உள்ளே இருந்த மற்றவர்கள் எல்லோரும் முழுசாக வெளியே வந்தார்கள். அவருக்கு மட்டும் இடது கை, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வெந்துபோயிற்று.

அவரைத் தூக்கிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குப் பதற்றம் வரவில்லை. முள் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை செய்தவர் எங்கள் இன்ஜினீயர். பிரெஞ்சு படித்த தமிழர். அவரை முசியே என்போம். முன்கோபக்காரர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. அண்ணனைக் கைக்கட்டோடு உட்காரவைத்துக் கேட்டார். அண்ணன் எதையும் மறைக்கவில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு மணி அடிக்கக் கூடாது என்பதால் அடிக்கவில்லை என்று, மழை பெய்ததால் குடை பிடித்தேன் என்பதுபோலச் சொன்னார். முசியே தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் காரணத்தை எந்த மொழியில் எழுதி மேலே அனுப்புவது என்று அவருக்குப் புரியவில்லை.

அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, கதவோரம் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"முள்ளு ஏறுனத நீ பாத்தியா?"

ஒரு மனிதருடைய வேலை அந்தக் கேள்வியில் இருந்தது. பார்த்தேன் என்றால் மணி அடிக்காதது பாதித் தவறு, சக்கரத்தைத் திருப்பாதது பாதித் தவறு. பார்க்கவில்லை என்றால், மணி கேட்காததால்தான் நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஆகும். தவறு முழுக்க அவருடையதாகிவிடும். இது எனக்கு அந்த நிமிஷத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. மரத்துப்போனவனுக்கு மூளை வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்றதெல்லாம் படுத்துவிட்டபோது அது மட்டும் பிரமாதமாக வேலை செய்யும்.

"பாக்கல முசியே. மணி அடிக்கல. நான் வேற பக்கம் பாத்துக்கினு இருந்தேன்."

அண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்கு, மனைவியை இழந்தவன் என்று இரக்கப்பட்டு, காரியம் முடியும்வரை லீவு கொடுத்தார்கள்.

லீவுக்கு முந்தின நாள் அண்ணனுடைய மனைவி அவருடைய சாமான்களை எடுத்துப் போக மில்லுக்கு வந்தார். ஒரு வேட்டி, ஒரு தூக்குச்சட்டி, ஒரு ஜோடிச் செருப்பு. அவருக்குப் பெரிய குரல். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். முன்பெல்லாம் மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து கேட்டில் நின்று கூப்பிட்டால் சாயக்கூடம்வரை கேட்கும். அன்று என்னைப் பார்த்ததும், போய் வருகிறேன் என்று உதட்டைமட்டும் அசைத்தார். என்னோடு பேசப் பிடிக்காமல்தான் குரலை விழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். பேசப் பிடிக்காதுதான், நியாயம்தான் என்று மனதுக்குள் தள்ளிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் நான் போகவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. காரியம் முடிந்தது. மாமியார் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். குழம்பில் உப்பு இல்லை என்று நாக்குக்குத் தெரியும், சொல்லத் தோன்றாது. சைக்கிளைச் சுவரில் சாத்துவேன், உள்ளேயிருந்து யாரும் எதையும் விசாரிக்க மாட்டார்கள். தினமும் மில்லுக்குப் போனேன். மில்லை ஒட்டிய வாய்க்காலில் ஒரு நாள் நீலத் தண்ணீர் போகும், ஒரு நாள் சிவப்பு போகும். பார்த்துக்கொண்டே மிதிப்பேன். சாயக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர் எப்போதும் ஒரே மாதிரி மணி அடித்தார். அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. நான் கால் சுற்றுத் திறப்பேன். முள் அசையாது. என் வேலையில் ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

கடற்கரைப் பக்கம் போவதை விட்டேன். வம்பாகீரப்பாளையத்தைத் தவிர்க்கத்தான் என்று அப்போது கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். மீன் சாப்பிடுவதையும் விட்டேன். மகளை நினைத்து மாப்பிள்ளை விரதம் இருக்கிறார் என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப்போனாள். நான் அதையும் மறுக்கவில்லை.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி கைமாறியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். இருப்பதா, போவதா என்று பல வீடுகளில் அடுப்பு மூட்டாமல் சண்டை நடந்தது. முசியே எழுதிக் கொடுத்துவிட்டார். புறப்படுவதற்கு முந்தின வாரம், புத்தகங்களைக் கட்டிக்கொடுக்க என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த விசாரணை தனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது என்று பேச்சை எடுத்தார். முள் முக்காலிலிருந்து ஒன்றரைக்குப் போகச் சில நிமிஷமாவது ஆகும். அத்தனை நேரம் நீ வேறு பக்கம் பார்த்தாய் என்பது எனக்கு ஒட்டவில்லை. அதனால் உன்னை விசாரித்த பிறகு, சாயக்கூடத்தானை மறுபடி தனியாகக் கூப்பிட்டு, ஜன்னலில் இவன் தெரிந்தானா என்று கேட்டேன் என்றார்.

"என்ன சொன்னாரு முசியே?"

"நீ முதுகக் காட்டிக்கினு எண்ணெத் துணி தேடிக்கினு இருந்தேன்னான். மானோ பக்கம் திரும்பவே இல்லேன்னு சத்தியம் பண்ணான்."

கையில் இருந்த புத்தகத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன பொய்யை, நான் சொன்னது தெரியாமலே, அவரும் சொல்லியிருக்கிறார். தன் பிழைப்புக்குத் தானே உலை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"நான் பாத்தேன் முசியே" என்றேன். நாலு வருஷம் தொண்டையில் கிடந்தது அவ்வளவு சுலபமாக வெளியே வந்தது. முசியே திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தாளை எடுத்துப் பிரெஞ்சில் அரைப் பக்கம் எழுதினார். தவறு இருவருடையது, ஒருவரை மட்டும் நிறுத்தியது சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மில் ஆபீசில் அதை வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் பிரெஞ்சு செல்லாது, இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார். மறுபடி முசியே வீட்டுக்கு ஓடினேன். பாதிச் சாமான் கப்பலுக்குப் போய்விட்டிருந்தது. ஒரு பெட்டிமேல் தாளை வைத்து இங்கிலீஷில் எழுதினார். நானும் பார்த்தேன், திருப்பவில்லை என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துக் கொடுத்தேன். புது மானேஜர் இரண்டையும் படித்தார். என்னை மானோவிலிருந்து எடுத்து நூல் கிடங்குக்கு மாற்றினார். அந்த ஆளுக்கு இஷ்டமிருந்தால் பழைய வேலைக்கு வரச் சொல் என்றார். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

மறுநாள் காலை பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் கடைகள் பக்கம் திரும்பும்போதே காது அடைத்தது. ஒவ்வொருத்தியும் பக்கத்துக் கடைக்காரியை மிஞ்சிக் கூவிக்கொண்டிருந்தாள். சங்கரா, வஞ்சிரம், கானாங்கெளுத்தி என்று அண்ணன் மனைவியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவருக்குப் பின்னால் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செதில் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது கைதான் வேலை செய்தது. இடது கை, தோல் இழுத்து விரல்கள் உள்ளே மடங்கி, மீனை அழுத்திப் பிடிக்க மட்டும் உதவியது. நிமிர்ந்து பார்த்தவர், நேற்றுத்தான் பார்த்தவர்போல, சாப்பிட்டாச்சா என்று கேட்டார்.

மானேஜர் சொன்னதைச் சொன்னேன். வேலைக்கு வரலாம், எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அவர் மடங்கிய கையைக் காட்டி, இதை வைத்துக்கொண்டு வால்வு திருப்ப முடியாது, விடு என்றார். அதில் கோபம் இல்லை. அடுத்த மீனை எடுத்தார்.

"ண்ணா, அன்னிக்கி நான் முள்ளப் பாத்தேன்."

"தெரியும் தம்பி. ஜன்னல்ல உன்னத்தான பாத்துக்கினு இருந்தேன்."

அப்புறம் ஏன் முசியேயிடம் அப்படிச் சத்தியம் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் அந்த மீனின் ஒரு பக்கத்தை முழுசாகத் தேய்த்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"நாலாவது வால்வையும் மூடிட்டுத் திரும்பிப் பாத்தேன். நீ கைய சக்கரத்துல வச்சிக்கினு அசையாம நிக்கிற. சரி, அடிச்சிடலாம்னு கம்பியப் புடிச்சிட்டேன். உன் மூஞ்சியப் பாத்தேன் தம்பி. இழுக்க மனசு வரல. நீ சக்கரத்தப் புடிச்சிக்கினு நிக்கிற, நான் கம்பியப் புடிச்சிக்கினு நிக்கிறேன். இதுல உன்ன மட்டும் எப்பிடிச் சொல்றது?"

எனக்கு அப்போதுதான் வந்தது. ஒன்பதாம் நாள் வந்திருக்க வேண்டிய அழுகை, நாலு வருஷம் கழித்து, மீன் தண்ணீர் ஓடும் தரையில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. அவள் முள் ஏறுகிறதா என்று கேட்டதும், நான் இல்லை என்றதும் நினைவுக்கு வந்தன. வாயைப் பொத்திப் பார்த்தேன், முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதேன்.

அண்ணன் என்னைத் தொடவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. மடங்கிய இடது கையை மட்டும் தூக்கித் தன் மனைவிக்குக் காட்டினார். கூவிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். என்ன என்று திரும்பிய பக்கத்துக் கடைக்காரியும் நிறுத்தினாள். அவளுக்கு அடுத்தவளும் நிறுத்தினாள். வாங்க வந்தவர்கள் விரலால் காட்டி மீன் கேட்டார்கள். நான் அழுது முடிக்கும்வரை அந்த வரிசையில் ஒருத்தியும் கூவவில்லை.